அறிவியல் வகுப்பில் ஆசிரியரும் மாணவரும்: நெசவூர்ப் பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாறு

ஊரகப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கப்பட்ட வரலாற்றைப் பாடநூல்கள், ஆய்வுக்கூடங்கள், தேர்வு முறைகள் ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது வழக்கம். அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றொன்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு. வகுப்பில் யார் கேள்வி கேட்கலாம்? ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வி எழுந்தால் என்ன நடக்கும்? வீட்டில் கண்டு அறிந்ததை மாணவர் வகுப்பில் சொல்லலாமா? இந்த மூன்றுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளே அந்த உறவின் வரலாறு எனலாம். பட்டு நெசவூரான தேவிகாபுரத்தையும் ஆரணி வட்டாரத்தையும் மையமாகக் கொண்டு அந்த வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

தேவிகாபுரமும் தறியும்

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே, போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையே அமைந்த ஊர். பெரியநாயகி அம்மன் கோயிலும் அருகிலுள்ள குன்றின்மேல் அமைந்த கனககிரீசுவரர் கோயிலும் இவ்வூரின் அடையாளங்கள். 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆரணிப் பட்டு என்று விற்பனையாகும் சேலைகள் ஆரணியில் மட்டுமின்றிச் சுற்றியுள்ள பல ஊர்களிலும் நெய்யப்படுகின்றன. தேவிகாபுரம் அவற்றுள் ஒன்று.

நெசவு வீட்டில் பிறந்த பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு முன்பே தறியை அறிந்துவிடுகிறது. குழித்தறியில் நெய்பவர் குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்து மிதியை மிதிப்பார். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஊடை இழையைக் கொண்டு செல்லும். ஊடைக்கு வேண்டிய தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள், முதியோர், சிறுவர் ஆகியோரின் வேலை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு நெய்பவரோடு துணையாள் ஒருவரும் வேண்டும். முற்காலத்தில் பல வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகளே உட்கார்ந்தனர்.

பள்ளி அறிவியலில் வரும் செய்திகள் பலவும் இந்தத் தறியைச் சுற்றியே இருக்கின்றன. மிதி ஒரு நெம்புகோல். பூச்சி நூற்கும் பட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சி அதை நீக்கிய பிறகே இழை மென்மையும் பளபளப்பும் பெறும். ஜரிகை, பட்டிழையின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டைகளில் துளை இருந்தால் கொக்கி மேலே எழும், துளை இல்லாவிட்டால் எழாது. ஆம், இல்லை என்ற இரண்டே குறிகளால் ஒரு பூவோ மயிலோ சேலையில் உருவாகிறது. கணினியும் இரண்டு குறிகளாலேயே இயங்குகிறது என்று பின்னாளில் பாடநூலில் படிக்கும் மாணவருக்கு, தம் வீட்டுத் தறியும் அதே வழியில்தான் இயங்குகிறது என்பதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். திண்ணைப் பள்ளிகளில் எழுத்து, எண்சுவடி, நீதிநூல்கள் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அறிவியல் என்ற தனிப்பாடம் இல்லை. மாணவர் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் மனப்பாடம் செய்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இந்த முறை உலகைச் சுற்றிவந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை விளக்கி 1797இல் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது.

திண்ணைப் பள்ளியின் உறவில் இரண்டு கூறுகள் இருந்தன. ஆசிரியர் ஊருக்குள்ளேயே வாழ்ந்தார், மாணவரின் வீடும் தொழிலும் அவருக்குத் தெரியும். இது முதற்கூறு. ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே கற்றல், எதிர்க்கேள்வி கேட்பது பணிவின்மை என்பது இரண்டாவது கூறு. சாதியாலும் பாலினாலும் பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வெளியே நின்றனர் என்பதையும் மறக்கலாகாது.

மானியமும் மேற்பார்வையும்

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கைக்குப் பின் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறை வந்தது. மாணவரின் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் அளிக்கும் விதியும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது. மேற்பார்வையாளர் வந்து கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் தடுமாறினால் ஆசிரியரின் வருவாய் குறையும். இதனால் பிரம்புக்கு ஒரு புதிய வேலை கிடைத்தது. கேள்வி கேட்பவர் மேற்பார்வையாளர், விடை சொல்பவர் மாணவர், அஞ்சி நிற்பவர் ஆசிரியர் என்ற அமைப்பு உருவாயிற்று.

மொழி இன்னொரு தடையாக இருந்தது. உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டதால், வீட்டில் பேசும் சொல்லுக்கு வகுப்பில் இடமில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலையும் எழுதினார். பெ. நா. அப்புசாமி நீண்ட காலம் எளிய தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக இடம்பெறத் தொடங்கியது. மாணவர் தம் மொழியில் கேள்வி கேட்க முடிந்தது இந்த மாற்றத்தின் பெரும் பயன். கேட்க முடிந்தாலும் கேட்க விடப்பட்டார்களா என்பது வேறு செய்தி.

தொழில் வகுப்புக்குள்ளா, வெளியிலா?

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. நூற்பு, நெசவு, வேளாண்மை போன்ற ஒரு தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகவே கணக்கும் அறிவியலும் சமூகப் பாடமும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து வேலை செய்ய வேண்டும்.

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடமோ ஊரிலுள்ள தொழிலாளரிடமோ தொழில் பழக வேண்டும். இரண்டு வேளையாகப் பள்ளி நடத்தினால் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே கூடுதலான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று அரசு கூறியது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. இராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

நெசவூர்களுக்கு இந்த வரலாறு மிக நெருக்கமானது. அத்திட்டம் நீடித்திருந்தால் நெசவாளர் பிள்ளை அரை நாளைத் தறியருகே கழித்திருக்கும். அப்போதைய விவாதம் சாதியையும் வாய்ப்பையும் பற்றியது. அது சரியான விவாதமே. அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லலாம். அத்திட்டம் தொழிலறிவை வீட்டிலும் எழுத்தறிவைப் பள்ளியிலும் வைத்து இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பியது. தறியைப் பற்றி ஆசிரியர் எதுவும் அறியத் தேவையில்லை. திட்டம் போன பின்பும் அந்தச் சுவர் வகுப்பில் நின்றுவிட்டது.

1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களில் நடந்தன. ஊர்மக்கள் இடம், கட்டடம், நாற்காலி, மேசை எனக் கொடுத்துத் தம் பள்ளியைத் தாமே வளர்த்தனர். 1964–66இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு முதல் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியில் அறிவியலும் கணிதமும் எல்லாருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. இவற்றால், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் அமர்ந்தனர்.

ஓசங்காபாத் தந்த விடை

ஆசிரியர் – மாணவர் உறவை நேரடியாக மாற்ற முயன்ற பெரும் முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. 1972இல் ஓசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் பிரண்ட்ஸ் ரூரல் சென்டர், கிஷோர் பாரதி என்ற இரு தொண்டு அமைப்புகள் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட உயர்கல்வி நிறுவனங்களின் அறிவியலாளர்கள் அதில் பங்கேற்றனர். 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 1982இல் இப்பணிக்காக ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவானது. குரு ஏற்க மறுத்த மாணவனின் பெயர் அது.

அத்திட்டத்தின் பாடநூலான ‘பால் வைக்ஞானிக்’ சோதனைகளையும் கேள்விகளையும் தந்தது, விடைகளைத் தரவில்லை. மாணவர் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வர வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் எழுந்த சிக்கல்களைப் பேசினர்.

பிள்ளைகள் தம் ஐயங்களை எழுதி அனுப்புவதற்கு ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரம் உருவாக்கப்பட்டது. அஞ்சலில் வரும் கேள்விகளுக்கு அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் சவாலிராமின் பெயரில் பதில் எழுதினர். ஊர்ப் பள்ளியின் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார் என்பதை அந்தக் கடிதங்கள் உணர்த்தின. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆசிரியருக்கும் துணிவு வந்தது. ‘எழுதிக் கேட்போம்’ என்பதே அங்கு மதிப்புள்ள விடையாயிற்று.

பொறியாளரான அரவிந்த் குப்தா 1978இல் இத்திட்டத்தில் பணியாற்ற வந்தார். தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வு டியூப்பையும் இணைத்து வடிவியல் உருவங்களைச் செய்யும் முறையை அங்கேதான் உருவாக்கினார். சந்தையில் சில காசுக்குக் கிடைக்கும் பொருளே ஆய்வுக்கருவியாயிற்று. மாநில அரசு 2002இல் இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் முப்பதாண்டு அனுபவம் நாடெங்கும் பரவியிருந்தது.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதே திசையில் உழைத்தது. அது 1987 முதல் வெளியிட்டுவரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ் பல ஊரகப் பள்ளிகளுக்குச் சென்றது. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்துச் சிறு குழுவாக ஆராய்கின்றனர். ஆசிரியர் அங்கே வழிகாட்டி மட்டுமே. ஏரி நீரைப் பற்றியோ ஊர்ச் செடிகளைப் பற்றியோ மாணவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்கும் நிலையை வழிகாட்டி ஆசிரியர்கள் பலர் முதன்முறையாக அங்கே சந்தித்தனர்.

பதில் கிடைக்காத ஒரு கேள்வி

இந்த வரலாற்றில் கட்டுரையாளரின் அனுபவம் ஒன்றையும் பதிவு செய்வது பொருந்தும். 1990களின் தொடக்கத்தில் ஆரணி வட்டாரப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அளவீடுகள் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிறை மாறாது என்று சொன்னபோது நெசவு வீட்டு மாணவர் ஒருவர் எழுந்தார். “சார், மழைநாள்ல நூலை எடை போட்டுக் குடுக்கறாங்க. நெய்து முடிச்சு வெயில்நாள்ல சேலையைக் குடுத்தா எடை குறையுதுன்னு சொல்லி அப்பா கூலியில புடிக்கறாங்க. நாங்க நூலை எடுக்கலை சார். அது எங்க போச்சு?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. “பாடத்துல இருக்கிறதை மட்டும் கேளு, உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அதன் பிறகு அந்த மாணவர் என் வகுப்பில் கேள்வி கேட்டதில்லை.

பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இழை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன். கையில் தொட்டால் ஈரம் தெரியாது. பட்டு வணிகத்தின் பொது அளவுப்படி, முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பட்டு இயல்பான காற்றில் 111 கிராம் எடை காட்டும். அதாவது ஒரு கிலோ பட்டு என்று நிறுத்துக் கொடுப்பதில் ஏறத்தாழ 100 கிராம் நீர். மழைக்காலத்தில் இது கூடும், வறண்ட கோடையில் குறையும். அந்த வீட்டில் எவரும் நூலைத் திருடவில்லை, நீர் காற்றுக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

இந்தக் கேள்வி உலகுக்குப் புதிதன்று. பிரான்சின் பட்டு நகரமான லியோனில் வணிகர்களிடையே இதே எடைத் தகராறு இருந்தது. 1805இல் அங்குப் பொதுச் சோதனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. பட்டின் ஈரத்தைக் கணக்கிட்டுச் சரியான எடையைச் சான்றளிப்பது அதன் பணி. ஜக்கார்டு தன் தறிப்பெட்டியை உருவாக்கியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே நகரத்தில்தான். லியோன் நகரம் அரசு நிலையம் அமைத்துத் தீர்த்த சிக்கலை ஆரணிப் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவர் தாமே கண்டு கேட்டார். நான் அவரை உட்கார வைத்தேன்.

அன்று செய்திருக்க வேண்டியது எளிய வேலை. பள்ளியில் இயற்பியல் தராசு இருந்தது, பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. ஒரு கண்டு பட்டு நூலை மழைநாளில் ஒருமுறையும், நல்ல வெயிலில் உலர்த்தி மறுமுறையும் மாணவரைக் கொண்டே நிறுக்கச் செய்திருக்கலாம். இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கலாம். நீராவி, ஈரப்பதம், அளவீட்டுப் பிழை என மூன்று பாடங்கள் அதில் அடங்கியிருந்தன. அந்த வீட்டுக் கூலிக் கணக்குக்கும் அதனால் ஒரு நியாயம் கிடைத்திருக்கலாம்.

பாயில் அமர்ந்த ஆசிரியர்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிப் பெட்டிகளை வழங்கியது. கருவி வந்த அளவுக்கு அதைத் தொடும் உரிமை மாணவருக்கு வரவில்லை. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் ஆசிரியரே பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தால் பெட்டிகள் பல பள்ளிகளில் பூட்டியே இருந்தன.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறையைப் பின்பற்றிய இத்திட்டம் 2007–08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் தம் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு கற்றனர். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தீட்டப்பட்டது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். அட்டைகள் எந்திரத்தனமாகிவிட்டன என்ற குறையும் பின்னர் எழுந்தது. ஆனாலும் ஆசிரியரின் கண்ணும் மாணவரின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தது சிறிய மாற்றமன்று.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு முதல் நெறியாக வைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்தது. வகுப்பே சிரிக்கும்படி ஒரு மாணவரை உட்கார வைப்பதும் அந்தப் பிரிவின் பொருளுக்குள் வரும் என்பது என் கருத்து.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை நோக்கியது. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று எளிய பொருள்களால் அறிவியல், கணிதச் சோதனைகளை மாணவரோடு சேர்ந்து செய்கின்றனர். அவர்கள் வந்துபோகும் ஒரு நாளில் தோன்றும் ஆர்வத்தை மற்ற நாள்களில் காப்பாற்ற வேண்டியவர் வகுப்பாசிரியரே.

வரலாறு காட்டுவது

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு மாணவரின் வீடு தெரியும், கேள்விக்கு இடமில்லை. மானியக் காலத்தில் கேள்வி மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. ஆதாரக் கல்வி தொழிலை வகுப்புக்குள் அழைத்தது, 1953ஆம் ஆண்டுத் திட்டம் அதை வெளியே நிறுத்தியது. ஓசங்காபாத்தும் அதன்பின் வந்த முயற்சிகளும் கேள்வியை மாணவரிடம் ஒப்படைத்தன. கட்டடமும் கருவியும் சட்டமும் வந்துவிட்ட இக்காலத்திலும், விடை தெரியாத கேள்வி எழும் அந்த நிமிடத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை எந்த ஆணையும் முடிவு செய்ய முடியாது.

பணியின் பிற்பகுதியில் என் வகுப்பில் ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருந்தேன். அட்டையில் ‘சாருக்குத் தெரியாதவை’ என்று மாணவர்களே எழுதினர். வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்து, கேட்டவரோடு சேர்ந்து விடை தேடுவோம். சாயம் போட்ட பட்டு நீரில் வெளுக்காமல் பருத்தித் துணி மட்டும் ஏன் வெளுக்கிறது, குழித்தறிக் குழியில் கோடையிலும் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. சிலவற்றுக்கு ஆண்டு முடியும் வரை விடை கிடைக்கவில்லை. அவற்றை அழிக்காமல் அடுத்த வகுப்புக்கு விட்டுவைத்தோம்.